குப்பை லாரியை முதலில் மாற்றுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

26 வருடம் குப்பை லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். உள்ளாட்சி வாகனங்களை மின்சாரத்துக்கு மாற்றலாம் என்று பேச்சு வந்தாலே, அதிகாரிகளின் காரைத்தான் முதலில் நினைக்கிறார்கள். குப்பை லாரியை நினையுங்கள். வீட்டுக்கு வீடு நின்று நின்று போகும் வண்டி அது. நிற்கும்போதும் டீசல் எரியும், பிரேக் கட்டை சீக்கிரம் தேயும். மின் லாரியில் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, கொஞ்சம் மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்பித் தரும். தினமும் ஒரே பாதை, ராத்திரி முழுக்க ஷெட்டில்தான் நிற்கும். சார்ஜ் போட இதைவிட வசதி என்ன வேண்டும்?

டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே அறிவித்துவிட்டது. நானாவது கேபினுக்குள் இருந்தேன். வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தவர்கள் வருடக்கணக்காக அந்தப் புகையைத்தான் சுவாசித்தார்கள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு இருமியபடியே குப்பை அள்ளிய அம்மாவை என்னால் மறக்க முடியவில்லை.

அப்புறம், மின் வண்டியில் ஆரஞ்சு நிற ஒயர்களில் உயர் அழுத்த மின்சாரம் ஓடும். பயிற்சி தராமல் டீசல் மெக்கானிக்குகளை அதில் கை வைக்கச் சொல்லாதீர்கள். வண்டிக்குப் பணம் ஒதுக்கும்போதே பயிற்சிக்கும் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓட்டுநர்