42 பிள்ளைகள் கட்டிய ரூ.63,000-ஐத் திருப்பித் தாருங்கள்

அனுப்புநர்
கணினி அறிவியல் ஆசிரியை,
உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி, சுயநிதிப் பிரிவு,
அருப்புக்கோட்டை, விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 06.01.2025

பொருள்: பிளஸ் டூ பைத்தான் (கணினி நிரல் மொழி) ஆன்லைன் கோர்ஸ் – கட்டிய பணத்தை முழுவதும் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஒன்பதாவது கடிதம். முதல் எட்டையும் ஈமெயிலில் அனுப்பினேன். எட்டுக்கும் ஒரே பதில்தான் வந்தது: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது." எதைத் தீர்த்தீர்கள் என்று கேட்டால் அதற்குப் புது டிக்கெட் எண் தருகிறீர்கள், மூன்றாம் நாள் அதையும் மூடிவிடுகிறீர்கள். அதனால் இந்த முறை பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பொறுமையாகப் படித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என்ன கோர்ஸ், எந்த பேட்ச் என்பதெல்லாம் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. எங்கள் பள்ளியின் 42 மாணவ மாணவியர், தலைக்கு ரூ.1,500. ஜூலை 1-ஆம் தேதி பணம் செலுத்தினோம். ஜூலை 20-ஆம் தேதிதான் லாகின் வந்தது. வாங்கிய 7 நாளுக்குள் கேட்டால்தான் ரீஃபண்ட் என்று இப்போது சொல்கிறீர்கள். கோர்ஸ் திறப்பதற்கு முன்பே முடிந்துபோன ஏழு நாளில் நான் எதைப் பார்த்துக் குறை சொல்லியிருக்க முடியும்?

முதலில் மதுரை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அதை நினைத்தாலே இன்னும் வயிறு எரிகிறது. "சனிக்கிழமை காலை 11 மணிக்கு எங்கள் மதுரை அலுவலகத்துக்கு வாருங்கள், நேரில் முடித்துத் தருகிறோம்" என்று ஈமெயில் அனுப்பியது நீங்கள். நவம்பர் 16. கார்த்திகை முதல் தேதி. மாலை போட்ட சாமிகள் கூட்டத்தில் அருப்புக்கோட்டையிலிருந்து மாட்டுத்தாவணி வரை நின்றுகொண்டே வந்தேன். கையில் 42 பேரின் ரசீது, ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் எல்லாம் ஒரு ஃபைலில். அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துக் காளவாசல் இறங்கி விசாரித்துப் போனால், இரண்டாவது மாடியில் ஷட்டர் மூடியிருக்கிறது. கீழே வாட்ச்மேன் ஐயா, "அவங்க காலி பண்ணி ரெண்டு மாசம் ஆச்சும்மா, உங்களுக்குச் சொல்லலையா?" என்றார். அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து உங்கள் எண்ணுக்கு 40 நிமிடம் போன் செய்தேன். பாட்டுதான் ஓடியது. நீங்களே காலி செய்த அலுவலகத்துக்கு என்னை எதற்காக வரச் சொன்னீர்கள்? இதற்கு மட்டுமாவது பதில் சொல்லுங்கள்.

சரி, கோர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

ஜூனில் உங்கள் பிரதிநிதி எங்கள் லேபுக்கு வந்தார். 16 கம்ப்யூட்டர், எல்லாம் விண்டோஸ் 7. நாங்கள் எதையும் மறைக்கவில்லை. அவரே ஒவ்வொன்றாக ஆன் செய்து பார்த்துவிட்டு "தாராளமா ஓடும் மிஸ்" என்றார். இன்றுவரை வீடியோ மட்டும்தான் ஓடுகிறது. 'பிராக்டிஸ்' பட்டனை அழுத்தினால் பிரவுசரை அப்டேட் செய்யச் சொல்கிறது. 2023 தொடக்கத்திலேயே குரோம் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டது. பைத்தானும் 3.8-க்கு மேல் அதில் ஏறாது. எனக்கே தெரிகிற இந்த விஷயம், பிள்ளைகள் நிரல் அடித்துப் பழகும் அந்த எடிட்டரை உருவாக்கிய உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தேதானே விற்றிருக்கிறீர்கள்?

அப்புறம் இந்த ஓ.டி.பி. ஒவ்வொரு முறை லாகின் செய்யும்போதும் பெற்றோர் போனுக்கு ஆறு இலக்க எண் போகும், இரண்டு நிமிடத்தில் காலாவதியாகும். எங்கள் ஊர் தறி ஊர். ஒரு மாணவியின் அப்பா விசைத்தறியில் நிற்கிறார். தறி ஓடும் சத்தத்தில் போன் மணி அவருக்கு எங்கே கேட்கும்? நான் தலைமையாசிரியர் அறைக்கு ஓடிப்போய் போன் போட்டு, அவர் நாலாவது முறை எடுத்து, வெளியே வந்து, கண்ணாடி போட்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொல்லி, நான் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு லேபுக்குத் திரும்பினால், எண் செல்லாது. மூன்று முறை தவறினால் 24 மணி நேரம் லாக். பீரியடு மொத்தமே 45 நிமிடம். ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பிள்ளைகள். ஒருவர் வெளியேறி அடுத்தவர் உள்ளே வந்தால் "சந்தேகத்துக்குரிய செயல்பாடு" என்று சொல்லி மூன்று பேரின் கணக்கையும் முடக்கிவிடுகிறது. பள்ளி லேப் என்றால் பிள்ளைகள் மாறி மாறித்தான் உட்காருவார்கள். பள்ளிகளுக்கென்றே போட்ட கோர்ஸ் என்றுதானே உங்கள் நோட்டீஸில் அச்சடித்திருந்தீர்கள்?

அதே எண்களுக்கு உங்கள் விற்பனைப் பிரிவு தவறாமல் போன் செய்கிறது. டேட்டா சயின்ஸ் கோர்ஸ், ரூ.45,000, மாதத் தவணை என்று. அந்தத் தறிக்காரருக்கு ஒரே வாரத்தில் ஐந்து முறை. பிள்ளையின் படிப்புக்கு என்று சொல்லி வாங்கிய எண்களை இப்படிப் பயன்படுத்த யார் அனுமதி கொடுத்தார்கள்? பிள்ளைகள் 18 வயது நிரம்பாதவர்கள். இது உடனே நிற்க வேண்டும், தயவுசெய்து.

பாடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "தமிழ்நாடு பாடத்திட்டப்படி, தமிழ் வழியில்" என்று எழுதிக் கொடுத்தீர்கள். பிளஸ் டூ புத்தகத்தில் 16 பாடம். சி.எஸ்.வி. கோப்புகள், சி++ நிரலைப் பைத்தானில் இறக்குமதி செய்வது, இரண்டுமே உங்கள் கோர்ஸில் இல்லை. ஐந்தாம் மாட்யூலுக்கு மேல் வீடியோவில் வருவது பழைய பைத்தான் 2. அதற்கு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு ஆதரவே முடிந்துவிட்டது. அடைப்புக்குறி இல்லாமல் பிரிண்ட் எழுதிக் காட்டுகிறார் உங்கள் ஆசிரியர். பைத்தான் 3-இல் அடைப்புக்குறி கட்டாயம். பிள்ளைகள் அதைப் பார்த்து, பைத்தான் நிரலை அடித்து ஓட்டும் ஐடிலில் அப்படியே அடித்தால் சிவப்பில் சின்டாக்ஸ் எரர் வருகிறது. "நாங்க என்ன மிஸ் தப்புப் பண்ணினோம்?" என்று கேட்கிறார்கள். அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

உங்கள் வினாடி வினாவில் ஐந்தை இரண்டால் வகுத்தால் என்ன விடை என்று ஒரு கேள்வி. பின்பெஞ்சில் உட்காரும் ஒரு பையன் ஐடிலைத் திறந்து தானே ஓட்டிப் பார்த்து 2.5 என்று போட்டான். அவன் தானாக ஒன்றை ஓட்டிப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. நான் அவன் பக்கத்திலேயே நின்றிருந்தேன். உங்கள் சிஸ்டம் "தவறு, சரியான விடை 2" என்றது. பைத்தான் 2-இல் 2 வரும். பைத்தான் 3-இல் 2.5 தான் வரும். நான் அவனுக்கு எவ்வளவோ விளக்கிச் சொன்னேன். அவன் முகம் தெளியவே இல்லை. சரியாகச் செய்த பிள்ளையைத் தவறு என்று சொன்னீர்களே, அதுதான் எனக்குப் பணத்தைவிடப் பெரிய வேதனை.

தமிழ் என்று போட்டிருப்பதோ மெஷின் மொழிபெயர்ப்பு. புத்தகத்தில் ஸ்ட்ரிங்கைச் சரம், ஃபங்ஷனைச் செயற்கூறு என்று படிக்கிறார்கள். உங்கள் வீடியோவில் சரத்துக்குக் கயிறு, செயற்கூறுக்கு விழா. காலாண்டுத் தேர்வில் ஒரு பெண் "விழாவை அழைத்தல்" என்று எழுதி, அதற்கு நானே மதிப்பெண் குறைக்க வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் போனில் சொன்னபோது உங்கள் சூப்பர்வைசர் என்ன சொன்னார் தெரியுமா? அக்டோபர் 23, மாலை 4.10. "மேடம், உங்களுக்கு ஐ.டி. பேக்ரவுண்ட் இல்லைன்னு நினைக்கிறேன். பசங்களுக்கு பேசிக்ஸ் சொல்லிக் குடுத்துட்டு அப்புறம் கூப்பிடுங்க." அவ்வளவுதான், வைத்துவிட்டார். நான் எம்.எஸ்ஸி., பி.எட். பிளஸ் டூவில் ஸ்டார் ஆஃபீஸும் சி++-ம் இருந்த காலத்திலிருந்து இந்த லேபில் நிற்கிறேன். 2019-இல் பைத்தான் புத்தகம் வந்தபோது மே மாத விடுமுறை முழுவதும் உட்கார்ந்து ஒவ்வொரு நிரலையும் நானே ஓட்டிப் பார்த்துப் படித்தவள். உங்கள் உரையாடல்கள் பதிவாகின்றன என்று போன் எடுத்ததும் சொல்கிறீர்களே, அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள். அவர் எங்கள் தலைமையாசிரியருக்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இலவசமாகவே நல்ல பாடங்கள் இருக்கின்றன. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் தமிழ்க் குரலோடு கிடைக்கிறது. ஐ.ஐ.டி.களின் இலவச ஆன்லைன் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்.-இல் சென்னைக் கணிதவியல் கழகப் பேராசிரியர் மாதவன் முகுந்த் எடுத்த பைத்தான் வகுப்புகள் இருக்கின்றன. இது எனக்குத் தெரியாமல் இல்லை. வீடியோ பார்த்து யாரும் நிரல் எழுதக் கற்றதில்லை, அவரவர் கையால் அடித்து, பிழை வந்து, அதைத் திருத்தினால்தான் வரும். அந்தப் பயிற்சியையும், சந்தேகம் கேட்டால் உடனே பதில் சொல்ல ஓர் ஆளையும் தருவோம் என்று நீங்கள் சொன்னதால்தான் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் எழுந்து நின்று "நான் பொறுப்பு" என்று சொன்னேன். சந்தேகப் பெட்டியில் பிள்ளைகள் போட்ட 31 கேள்விகளுக்கு இன்றுவரை ஒரு பதிலும் இல்லை. பூக்கட்டி விற்கிற ஒரு அம்மா ரூ.1,500-ஐ மூன்று தவணையாகக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். இப்போது அவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? ஒரு கல்வியாண்டே போய்விட்டது. இன்ஜினியரிங் கனவோடு இருந்த 42 பிள்ளைகளின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டீர்கள், இதற்கு எவ்வளவு பணம் கொடுத்தாலும் ஈடாகாது.

கோபத்தில் அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களோடு சண்டை போடுவது என் நோக்கம் இல்லை. அடுத்த மாதம் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத் தேர்வு. எனக்கு அந்த வேலையே தலைக்குமேல் இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் ரூ.63,000 முழுவதும் வர வேண்டும். கூப்பன், அடுத்த கோர்ஸில் தள்ளுபடி என்று எதையும் சொல்லாதீர்கள், ஏற்க மாட்டோம்.

தவறினால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. நுகர்வோர் வழக்கை ஆன்லைனில் பதிவு செய்யும் இ-தாக்கில் தளத்தில் கணக்குத் தொடங்கிவிட்டேன். 42 பெற்றோரும் கையெழுத்திட்ட மனு தயாராக இருக்கிறது. மதுரை போய்வந்த செலவையும் அதில் சேர்த்திருக்கிறேன். மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கும் நகல் போகும், இனி இந்த மாவட்டத்தில் ஒரு பள்ளிக்குள்ளும் நீங்கள் நுழைய முடியாதபடி செய்வேன்.

அந்த நிலைக்கு என்னைத் தள்ளாமல் விரைந்து ஆவன செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வங்கிக் கணக்கு விவரத்தை மூன்று முறை அனுப்பியாயிற்று. இப்போது நான்காவது முறையாகப் பாஸ்புக் நகலை இணைத்திருக்கிறேன். மறுபடி அதைக் கேட்டு ஈமெயில் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியை