ஆல்ப்ஸ் கொடித்தடத்துக்குக் கிளம்பும் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய காணொளியை ராத்திரியே பார்த்துவிட்டேன். சுவிட்சர்லாந்தின் தாவோஸுக்கு மேலே, புல்சரிவின் குறுக்கே ஒரு முழ அகலத்தில் போகிற தடம். முன்னால் போகிறவன் பாட்டுப் பாடிக்கொண்டே சைக்கிள் ஓட்டுகிறான். "வெறும் எஸ்1 தான் மாமா, நம்ம கோத்தகிரி எஸ்டேட் தடமே இதைவிடக் கரடு" என்று கீழே எழுதியிருந்தாய். ஜூலை முதல் வாரத்தில் கூட்டாளிகளோடு போவதாகவும் சொல்லியிருந்தாய். போய் வா. நான் தடுக்கப் போவதில்லை. தடுத்தால் கேட்கிற வயதும் உனக்கில்லை.

ஆனால் தடம் எவ்வளவு கடினம் என்று சொல்கிற அந்த எஸ்1-ஐ நீ புரிந்துகொண்ட விதம் சரியில்லை. அதற்குப் பதில் வாட்ஸ்அப்பில் அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன். நம் பக்கத்துப் பையன்கள் வேலைக்கென்று ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போய், கையில் நாலு காசு சேர்ந்ததும் ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள், அதாவது இரண்டு சக்கரத்துக்கும் அதிர்வுதாங்கி வைத்த மலை சைக்கிள், வாங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கும் ஆகும்.

முதலில் அந்தக் காணொளியை நம்பாதே. ஹெல்மெட்டில் மாட்டுகிற கேமராவுக்கு அகன்ற லென்ஸ். எப்பேர்ப்பட்ட சரிவையும் தட்டையாக்கிவிடும். நேரில் நின்றால் வயிற்றைக் கலக்குகிற இடம் அதில் ஒன்றுமில்லாததாகத் தெரியும்.

அடுத்தது அந்த எண். எஸ்0 முதல் எஸ்5 வரை போகிற அளவுகோலை ஒற்றையடித் தடங்களுக்காகவே ஜெர்மன்காரர்கள் வகுத்தார்கள். எஸ்0 என்றால் மண்ணும் புல்லும், தொந்தரவே இல்லை. எஸ்1-இல் சின்ன வேர், சின்னக் கல். எஸ்2-இல் படியும் உதிரிக் கல்லும் வரும். எஸ்3-இல் பாறையும் இறுக்கமான கொண்டை ஊசியும். அதற்கு மேலே போனால், பின்சக்கரத்தைத் தூக்கித் திருப்பத் தெரியாதவனுக்கு வேலை இல்லை. இதெல்லாம் சக்கரத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்கிற கணக்கு. சக்கரத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது அந்தக் கணக்கில் வராது. 600 அடிச் சரிவின் ஓரத்திலே போனாலும் தடம் வழுவழுவென்று இருந்தால் அது எஸ்1 தான்.

நம் தோட்டத்து வரப்பில் நீ கையை விட்டுக்கூட ஓட்டியிருக்கிறாய். அதே அகல வரப்புதான் வடக்கு மூலையில் கிணற்றோரமாகவும் போகிறது. பாறையை வெட்டி இறக்கிய கிணறு, சுற்றுச்சுவர் கிடையாது. அந்த இடம் வந்தால் மட்டும் பொடியனாக இருந்தபோதே இறங்கி உருட்டிக்கொண்டு போவாய். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆல்ப்ஸில் அந்தக் கிணற்றோரம் நீளமாக, விடாமல் வரும். கூடவே எதிரே பனிமலை, கீழே பச்சைப் பள்ளத்தாக்கு என்று கண்ணைப் பறிக்கிற காட்சி வேறு. கிணறு இருப்பதே மறந்துபோகும்.

அதனால் ஓட்டும்போது கேள்வியை மாற்றிக் கேள். "இதை ஓட்ட முடியுமா?" என்பது இரண்டாவது. "இங்கே விழுந்தால் எங்கே போய் நிற்பேன்?" என்பதுதான் முதலில். எங்கேயும் நிற்க மாட்டேன் என்று தோன்றினால், பத்துக்கு ஒன்பது தடவை சுலபமாகத் தாண்டுகிற இடமும் நடக்க வேண்டிய இடம்தான்.

நான் தாவோஸ் போனபோது யாக்கோப்ஸ்ஹார்ன் உச்சிவரை கேபிள் காரில் ஏறி, யாட்ஸ்மேடர், சேர்டிக், மான்ஸ்டைன் வழியாக ஃபிலிசூர் வரை இறங்கினோம். ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நடுவில் ஏற்றங்களும் உண்டு, எல்லாம் இறக்கம் என்று நினைத்துக்கொள்ளாதே. யாக்கோப்ஸ்ஹார்ன் 2,590 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637. உயரத்தில் நம்முடையதுதான் ஒரு கை மேல். ஆனால் தொட்டபெட்டாவில் உச்சிவரை மரம் நிற்கிறது. அங்கே 2,000 மீட்டரைத் தாண்டிக் கொஞ்சம் போனதும் மரம் முடிந்துவிடுகிறது. அப்புறம் புல், கல், ஆகாசம். நீ எஸ்டேட்டில் எத்தனையோ தடவை விழுந்து தேயிலைச் செடியில் சிக்கி எழுந்து வந்திருக்கிறாய். மொட்டைப் புல்சரிவில் உன்னைப் பிடிக்க ஒரு செடி கிடையாது. பனி ஈரத்தில் அந்தப் புல் எப்படி வழுக்கும் என்பதை நின்று ஒரு தடவை செருப்பால் தேய்த்துப் பார்த்துக்கொள்.

எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி ஐம்பதைத் தாண்டிய அம்மா. தலையில் நரை, சைக்கிளில் கீறல் இல்லாத இடமில்லை. ஓரிடத்தில் மேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பாறை தடத்துக்குள் தோளை நீட்டிக்கொண்டிருந்தது. தடம் தரையில் சமமாகத்தான் இருந்தது. அந்த அம்மா பத்தடிக்கு முன்பே நிறுத்தி, மேட்டுப் பக்கமாகக் காலை ஊன்றி இறங்கி, சைக்கிளைப் பள்ளத்துப் பக்கம் வைத்து, பிரேக்கில் ஒரு விரலோடு நடந்து போய், அந்தப் பக்கம் ஏறிக்கொண்டார். அலட்டல் எதுவும் இல்லை. அவருக்குப் பின்னால் வந்த இளவட்டம் ஒருவன் ஓட்டியே வந்தான். ஹேண்டில்பார் முனை பாறையில் 'டக்' என்று பட்டது. அவ்வளவுதான், ஹேண்டில்பார் வெடுக்கென்று திரும்பி ஆள் நின்றுவிட்டான். நல்லவேளை, கால் மேட்டுப் பக்கம் ஊன்றியது. அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. கிட்டே வந்து அவன் கைப்பிடி ரப்பரின் நுனியைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் கல்தூள் ஒட்டியிருந்தது. அப்புறம் சாயங்காலம்வரை அவன் அவருக்குப் பின்னாலேயே வந்தான்.

இந்தக் காலத்து ஹேண்டில்பார் 780, 800 மில்லிமீட்டர் அகலம். பள்ளத்தைக் கண்டு பயந்த உடம்பு தன்னையறியாமல் மேட்டுப் பக்கமே ஒட்டிப் போகும். அந்தப் பக்கத்துப் பாறையில் முனை பட்டாலோ, பெடல் இடித்தாலோ உடம்பு எறியப்படுவது பள்ளத்துப் பக்கம். அதற்காக ஓரத்துக்கும் போகக் கூடாது. விளிம்பில் புல் அடர்ந்து தொங்கும். அதற்கடியில் மண் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. நடுத்தடம்தான். பெடல் இரண்டும் மட்டமாக இருக்கட்டும். சீட்டை இறக்கிவிடு, நிறுத்த வேண்டும் என்றால் கால் உடனே தரையைத் தொட வேண்டும். காலைப் பூட்டுகிற கிளிப் பெடலை அன்றைக்கு மட்டும் கழற்றிவிட்டுத் தட்டை பெடல் போடு என்பேன். இதில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு, வரட்டும்.

கண்ணை எங்கே வைக்கிறாயோ சைக்கிள் அங்கே போகும். பள்ளத்தைப் பார்க்க ஆசையாக இருந்தால் நிறுத்திவிட்டுப் பார். பயத்தில் ரொம்ப மெதுவாகப் போவதும் தப்பு. நடக்கிற வேகத்துக்குக் கீழே போனால் சைக்கிள் ஆட ஆரம்பிக்கும். ஆடாமல் ஓட்ட முடியாத அளவுக்குப் பயம் வந்துவிட்டால் அந்த இடமும் நடக்க வேண்டிய இடம்தான். இறங்கி நடக்கும்போது சைக்கிள் எப்போதும் பள்ளத்துப் பக்கம், நீ மேட்டுப் பக்கம். அது சரிந்தால் கையை விட்டுவிடு. எவ்வளவு விலை என்பதெல்லாம் அப்போது நினைவுக்கு வரக் கூடாது.

கொண்டை ஊசிகளைப் பற்றி நீ பெருமையடித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. வால்பாறை ஏற்றத்தில் 40, கொல்லிமலையில் 70, எல்லாம் பலகை வைத்து எண்ணிய வளைவுகள். அவை பஸ் திரும்புகிற வளைவுகள் மாப்பிள்ளை. அங்கே சில வளைவுகளில் உன் சைக்கிளின் நீளத்துக்கே இடமிருக்காது. முன்பிரேக்கைப் பிடித்து, பின்சக்கரத்தைத் தூக்கி, இடுப்பால் தள்ளித் திருப்ப வேண்டும். மலையில் போய்க் கற்றுக்கொள்கிற வித்தை அல்ல அது. நீ குடியிருக்கிற பக்கம் காலியான பார்க்கிங் இடம் இருக்கும்தானே? சாக்குக்கட்டியால் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, அதற்குள்ளே மெதுவாக ஓட்டிப் பழகு. அப்புறம் வளைவு. இங்கே நாங்கள் களத்தில் இதைத்தான் செய்கிறோம், உன் அத்தை காயப்போட்ட மிளகாய் தப்பினால் சரி.

பிரேக் விஷயம். 2,590 மீட்டரிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் மீட்டருக்கு இறங்குகிறாய். ரெசின் பேட் போட்டுக்கொண்டு விடாமல் அழுத்தியபடியே போனால் சூடேறிப் பிடிப்பு குறையும். மெட்டல் பேட் போடு. தேய்ந்திருந்தால் கிளம்புமுன் மாற்று. நேர்ப் பகுதிகளில் விட்டு, வளைவுக்கு முன்னால் அழுத்தமாகப் பிடி. கைவிரல் மரத்துப்போனால் நின்று கையை உதறிவிட்டுப் போ. அன்றைக்கு யாரும் பரிசு கொடுக்கப் போவதில்லை.

ஜூலை முதல் வாரம் என்பதால் நிழல் விழுகிற சரிவுகளில் பழைய பனித் திட்டுகள் தடத்தை மறித்துக் கிடக்கலாம். பத்தடிதானே என்று தோன்றும். காலையில் அது கெட்டிப்பட்டிருக்கும், வழுக்கினால் பிடிமானம் இருக்காது. சுற்றிப்போக வழியில்லை என்றால் திரும்பி வா. மத்தியானத்துக்கு மேல் இடிமழை வருவது அங்கே கோடையில் சகஜம். முதல் கேபிள் காரிலேயே ஏறிவிடு; மேகம் திரளும்போது மொட்டை முகட்டில் இருக்காதே.

தடத்தில் நிற்கிற மாடுகளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் உன் கூட்டாளிகள் பட்டணத்துப் பிள்ளைகள். கோடையில் மலைமேல் மேய விட்டிருப்பார்கள், கழுத்தில் மணியோடு தடத்திலேயே படுத்திருக்கும். கன்றுக்குட்டியோடு இருக்கிற மாட்டுக்கு நடுவே புகுந்து போகக் கூடாது என்பது காங்கேயம் மாட்டுக்கும் பொருந்தும், சுவிஸ் மாட்டுக்கும் பொருந்தும். இறங்கி, மெதுவாக, தள்ளியே போங்கள்.

வழிப் பலகையையும் படி. மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் மலைப்பாதை: கால் தடுமாறாதவர்கள், தலைசுற்றாதவர்கள் மட்டும் வரலாம் என்று பொருள். நீ பார்க்கப்போவது பெரும்பாலும் அதுதான். வெள்ளை-நீலம்-வெள்ளை வந்தால் சைக்கிளோடு உனக்கு அங்கே வேலையில்லை. பாறை ஏறவும் பனியாற்றைக் கடக்கவும் தெரிந்தவர்களுடைய வழி அது. தாவோஸ் இருக்கிற கிராவ்புண்டன் மாநிலத்தில் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். நடப்பவருக்குத்தான் முதல் உரிமை. நின்று, வணக்கம் சொல்லி, வழி விடு. ஆஸ்திரியா பக்கம் போனால் கதை வேறு. அங்கே 1975-ஆம் ஆண்டு வனச்சட்டப்படி காட்டுக்குள் யாரும் நடக்கலாம், சைக்கிள் ஓட்ட வேண்டுமானால் நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும். "நம்ம ஊர்லதான் எங்கயும் விடமாட்டேங்கறாங்க" என்று புலம்பினாயே, அங்கேயும் எல்லா இடமும் திறந்து கிடக்கவில்லை. நமக்காவது யானை என்று ஒரு காரணம் இருக்கிறது.

சுவிட்சர்லாந்தில் மீட்பு ஹெலிகாப்டருக்கு 1414, பொது அவசரத்துக்கு 112. சிக்னல் இல்லாத இடத்தில் விசிலோ விளக்கோ நிமிடத்துக்கு 6 தடவை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி 6. பதில் நிமிடத்துக்கு 3 தடவை வரும். உன் காப்பீட்டில் மலைமீட்பு அடங்குமா என்று இன்றைக்கே பார். தனியாகப் போகாதே. இரண்டு சைக்கிளுக்கு நடுவே நல்ல இடைவெளி விடுங்கள். முன்னால் போகிறவன் நின்றால் பின்னால் வருகிறவனுக்கு இறங்க இடம் வேண்டும். எவனாவது பின்னாலிருந்து "ஓட்டுறா, ஓட்டுறா" என்று உசுப்பினால் அவனை முன்னால் போகச் சொல்.

ஃபிலிசூரிலிருந்து தாவோஸுக்குச் சைக்கிளோடு ரயிலில் திரும்பலாம். வலப்பக்கமோ இடப்பக்கமோ ஜன்னலோரம் பிடித்துக்கொள். வீசன் பாலம் வரும், 1909-இல் திறந்தது, 88 மீட்டர் உயரம். நம் மேட்டுப்பாளையம் ரயில்போலவே மீட்டர் கேஜ். நம் மலை ரயிலின் பழைய பல்சக்கர நீராவி என்ஜின்கள் பலவும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்து வந்தவைதான். அந்த ஊர்க்காரர்களிடம் சொன்னால் காபி வாங்கித் தருவார்கள், எனக்குத் தந்தார்கள்.

எந்தத் தடம் என்று முடிவானதும் வரைபடத்தை அனுப்பு. எங்கெங்கே இறங்கி நடப்பது என்று உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். என் அக்கா, அதான் உன் அம்மா, இந்தப் பக்கமெல்லாம் வந்து படிப்பதில்லை. "எவ்வளவு உசரத்துக்குப் போறான்?" என்று நேற்றுக் கேட்டார். தொட்டபெட்டாவைவிடக் கம்மிதான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் அதையே சொல்.

அன்புடன்,
மாமா
மேட்டுப்பாளையம்