செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நான் பணிகளை மட்டும் சொல்கிறேன்.

இந்த ஆண்டுக் கூட்டங்களில் இணையதள வடிவமைப்பைவிடப் பராமரிப்புதான் அதிகம் பேசப்பட்டது. உறுப்பினர்கள் கொண்டுவந்த சிக்கல்களில் பல, ஏதோ ஒரு கெடு தேதியைக் கவனிக்க ஆளில்லாமல் போனதால் வந்தவை.

முதலில் டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர். அது தளம் கட்டித் தந்தவர் பெயரில் இல்லாமல், தளத்துக்கு உரியவர் பெயரிலேயே பதிவாகியிருக்க வேண்டும். பதிவில் தரும் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த அஞ்சலும் நின்றுவிடும். நினைவூட்டல் யாருக்கும் வந்து சேராது. டாட் காம் பெயர்களுக்குச் சலுகைக் காலம் முடிந்தபின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் கட்டணம் கூடுதல். அதன்பின் 5 நாளில் பெயர் நீக்கப்பட்டு, முந்துபவர் கைக்குப் போய்விடும்.

தளத்துக்கும் பிரவுசருக்கும் இடையிலான தொடர்பைக் காக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு இரண்டு கூட்டங்கள் ஒதுக்கினோம், அவ்வளவும் தேவைப்பட்டது. சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் எனக் குறைகிறது. கையால் புதுப்பிக்கும் வழக்கம் இனிச் செல்லாது. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அனுப்பிவந்த காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சலும் 2025 ஜூனில் நின்றுவிட்டது. தானியங்கிப் புதுப்பிப்பு தவறும் இடங்கள் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, ஃபயர்வாலில் (சர்வரின் பாதுகாப்புத் தடுப்பு) 80ஆம் போர்ட்டை (சாதாரண வெப் இணைப்பு வரும் வாயில்) யாரோ மூடிவிடுவது. அந்த வழியாகச் சரிபார்க்கும் முறையில் புதுப்பிப்பு அங்கேயே நின்றுவிடும். மற்றொன்றுதான் ஆளைக் குழப்பும்: சர்வரில் புதுச் சான்றிதழ் வந்திருக்கும், பிரவுசரோ காலாவதி என்றே சொல்லும். தளப் பக்கங்களை அனுப்பும் மென்பொருளான என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யாததே காரணம். அதுவரை நினைவகத்தில் ஏற்றி வைத்த பழைய சான்றிதழையே அது கொடுத்துக்கொண்டிருக்கும். புதுப்பித்ததும் ரீலோட் நடக்கும்படி சான்றிதழைப் புதுப்பிக்கும் சர்ட்பாட் நிரலில் ஒரு ஹுக் (தானே ஓடும் கட்டளை) வைத்தால் தீர்ந்தது.

பேக்கப் பற்றிச் சங்கத்தின் நிலைப்பாடு கறாரானது: மீட்டெடுத்துப் பார்க்காத பேக்கப் கணக்கில் வராது. கோப்புகள், டேட்டாபேஸ் இரண்டும் வேண்டும். ஒரு பிரதியாவது வேறு நிறுவனத்தின் சர்வரில் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலியான சர்வரில் ஏற்றிப் பாருங்கள். தமிழ்த் தளமென்றால் முகப்பு திறந்தது என்று நிறுத்தாமல் ஒரு கட்டுரையை வாசித்தும் பாருங்கள். எழுத்துகள் புரியாத லத்தீன் குறிகளாகத் தெரிந்தால் என்கோடிங் (எழுத்துகளைக் குறியீடாக்கும் முறை) மாறி வாசிக்கப்படுகிறது, பெரும்பாலும் மீட்கலாம். டேட்டாபேஸிலேயே வெறும் கேள்விக்குறிகளாகப் பதிவாகியிருந்தால் அந்த எழுத்து போனது போனதுதான், வேறு பிரதியைத் தேட வேண்டும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் பழைய யுடிஎஃப்8 என்கோடிங் ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் ஏற்கும். தமிழ் அதில் அடங்கும், எமோஜி அடங்காது. அதனால் யுடிஎஃப்8எம்பி4 ஆக மாற்றிக்கொள்வது நல்லது.

சர்வர் மாற்றுவோர் முந்தின நாளே டிஎன்எஸ் டிடிஎல்லை (டொமைன் எந்த சர்வரைக் காட்டுகிறது என்பதைப் பிறர் நினைவில் வைக்கும் நேரம்) 300 வினாடியாகக் குறைக்கட்டும். முந்தைய டிடிஎல் 86,400 என்றால் ஒரு முழு நாள் காத்திருந்து பிறகு மாற்றினால்தான் பலன். டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றும்போது, அஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகளை நகலெடுக்க மறப்பவர்கள் அதிகம். தளம் ஓடும், அஞ்சல் நின்றிருக்கும்.

வேர்ட்பிரஸ் தளங்களில் பயன்படுத்தாத பிளகினை (கூடுதல் வசதி தரும் இணைப்பு நிரல்) முடக்கினால் போதாது, அழிக்க வேண்டும். முடக்கிய பிளகினின் கோப்புகள் சர்வரிலேயே கிடக்கும், ஓட்டை இருந்தால் நேரடியாக அழைக்க முடியும். படங்களைப் பொறுத்தவரை, அகல உயர அளவுகளைக் குறிப்பிடுங்கள், வெப்பி (WebP) வடிவில் ஏற்றுங்கள். முகப்பின் முதல் பெரிய படத்துக்கு மட்டும் லேசி லோடிங் (பக்கத்தை உருட்டும்போது மட்டும் படத்தை ஏற்றும் முறை) வேண்டாம். அது வேகத்தைக் கூட்டாது, குறைக்கும்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். உறுப்பினர் ஒவ்வொருவரும் தாம் பராமரிக்கும் தளத்துக்கு டொமைன், ஹோஸ்டிங், சான்றிதழ் ஆகியவற்றின் கெடு தேதிகளையும், பொறுப்பாளர்கள் இருவர் பெயரையும் ஒரே தாளில் எழுதி வைக்க வேண்டும். பாஸ்வேர்டுகளை அந்தத் தாளில் எழுத வேண்டாம், அவற்றுக்குப் பாஸ்வேர்டு மேனேஜர் இருக்கிறது.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்