பெரியப்பா எந்தக் கட்டத்தில் வருவார்?

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்துப் பெரியவர்களுக்கும், இங்கே பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்கும்,

வணக்கம். போன பொங்கல் விழாவில், சாப்பாட்டு வரிசையில் என் பின்னால் நின்ற மாமா ஒருவர் காதோடு கேட்டார்: "தம்பி, உளவுத்துறையில சேர்ந்துட்டியாமே?" காதோடு கேட்டது நாலு பேருக்குக் கேட்டது. முன்னால் நின்ற மாமி வடைத் தட்டோடு ஓரடி தள்ளி நின்றுகொண்டார். இந்த மடலை எழுதவேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

நான் அமெரிக்கக் கடற்படையின் ரிசர்வ் பிரிவில் புலனாய்வு அதிகாரி. வாரநாட்களில் உங்களைப் போலவே அலுவலகம், மீட்டிங், எக்செல். மாதத்தில் ஒரு வார இறுதியும், ஆண்டுக்கு இரண்டு வாரமும் சீருடை. வேலையைப் பற்றி எழுத மாட்டேன். விண்ணப்பத்தைப் பற்றி எழுதலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் இப்போது அதைத்தான் கேட்கிறார்கள், அவர்களுக்கு நீங்கள் சொல்லும் யோசனைகள்தான் எனக்குக் கவலை தருகின்றன.

அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், பட்டம் வேண்டும், 42 வயதுக்குள் அதிகாரியாகிவிட வேண்டும். கணக்கு, வாசிப்பு, இயந்திரவியல் என்று ஒரு தகுதித் தேர்வு உண்டு. மருத்துவப் பரிசோதனை உண்டு. பணியில் இருக்கும் அதிகாரிகள் நேர்காணல் செய்வார்கள். பிறகு தேர்வுக்குழு. முதல் முறை எனக்குக் கிடைக்கவில்லை, இரண்டாம் முறை கிடைத்தது. இதெல்லாம் உழைத்தால் முடிகிற காரியம். தேர்வுக்கு இரண்டு மாதம் படித்தேன். மதுரையில் என் மாமனார் வீட்டுக் கதவு எண்ணை உறுதிசெய்ய அதைவிட அதிக நாள் ஆனது. பழைய எண் 14, புதிய எண் 37, கரண்ட் பில்லில் வேறொன்று.

எஸ்எஃப்-86 என்று ஒரு படிவம். அரசின் ரகசியத் தகவல்களைப் பார்க்கத் தேவையான பாதுகாப்பு அனுமதிக்கான விசாரணை அதிலிருந்துதான் தொடங்குகிறது. நூறு பக்கத்துக்கு மேல் போகும். பத்து ஆண்டுகள் குடியிருந்த வீடுகள், பார்த்த வேலைகள், ஏழு ஆண்டுகளில் போய்வந்த வெளிநாடுகள் எல்லாம் கேட்பார்கள். 18-ஆம் பிரிவு உறவினர்களுக்கு. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், மாமனார், மாமியார். பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர், வேலை, அந்நிய அரசோடு தொடர்பு உண்டா என்ற கேள்வி. என் மாமனார் மின்வாரியத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். அதுவும் அரசுத் தொடர்புதான், எழுதினேன். அவருக்கு இரண்டு பிறந்த நாள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட ஜூன் 1 ஒன்று, மாமியாருக்குத் தெரிந்த ஐப்பசி ஒன்று. பாஸ்போர்ட்டில் இருக்கும் ஜூன் 1-ஐ எழுதி, கீழே விளக்கமும் எழுதினேன். பெயரும் அப்படித்தான். என் குடும்பப் பெயர் அப்பாவின் பெயர், அப்பாவின் குடும்பப் பெயர் தாத்தாவின் பெயர். அப்பனுக்கும் மகனுக்கும் ஏன் வேறு வேறு என்று விசாரணைக்கு வந்தவர் கேட்டார். எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, இனிஷியல்தான் என்று சொன்னேன். பொறுமையாக எழுதிக்கொண்டார்.

சரி, பெரியப்பா? 18-ஆம் பிரிவில் அவருக்குக் கட்டமே இல்லை. 19-ஆம் பிரிவுக்குப் போகவேண்டும். பாசத்தாலோ, செல்வாக்காலோ, பொதுவான ஈடுபாட்டாலோ, கடமையாலோ உங்களோடு கட்டுண்டு, ஏழு ஆண்டுகளுக்குள் நெருக்கமாகவோ தொடர்ந்தோ பழகிவரும் அந்நியக் குடிமக்கள் யார் யார் என்று அங்கே கேட்கிறார்கள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 43 பேர். தினமும் "இனிய காலை வணக்கம்" பூப்படம் அனுப்பும் ஒன்றுவிட்ட மாமா தொடர்ந்து பழகுபவரா? மூன்று ஆண்டாகப் பேசாத, ஆனால் என் கல்யாணத்துக்கு வளையலைக் கழற்றி அடகு வைத்த அத்தை? பூப்பட மாமாவை விட்டேன், அத்தையை எழுதினேன். கடமை என்ற சொல்லை அதற்கு முன் நான் அவ்வளவு நேரம் யோசித்ததில்லை.

இந்த இடத்தில்தான் உங்கள் யோசனைகள் வந்து விழுந்தன. "துபாய்ச் சித்தப்பாவை எழுதாதே, வம்பு." "ஊர் நிலத்தை எழுதாதே, உன் கையிலா இருக்கிறது?" நல்ல மனசோடுதான் சொன்னீர்கள். ஆனால் இதைவிடக் கெட்ட யோசனை கிடையாது. தெரிந்தே பொய் சொன்னால் ஐந்தாண்டு வரை சிறை என்று அந்தப் படிவத்திலேயே போட்டிருக்கிறது. 2017 முதல் நடப்பில் உள்ள விதிமுறையில் ஒருவரை 13 தலைப்புகளில் எடைபோடுகிறார்கள். வெளிநாட்டு உறவு அதில் ஒரு தலைப்பு. அந்த உறவை வைத்து யாராவது உங்களை நெருக்க முடியுமா என்று பார்க்கிறார்கள், முடியாது என்று காட்ட வழியும் வைத்திருக்கிறார்கள். மறைத்தது தெரிந்தால் நடத்தை என்ற இன்னொரு தலைப்பில் மாட்டிக்கொள்வீர்கள், அதிலிருந்து மீள்வது கஷ்டம். எல்லாவற்றையும் எழுதினால் அனுமதி நிச்சயம் என்றும் சொல்ல மாட்டேன். சந்தேகம் தீராவிட்டால் முடிவு விண்ணப்பித்தவருக்கு எதிராகத்தான் போகும்.

தாத்தா வழி வந்த ஒரு ஏக்கர் இருபது சென்ட், நாலு பெயரில் கூட்டுப் பட்டா. என் பங்கின் மதிப்பை டாலரில் போட்டு எழுதினேன். கூட்டுப் பட்டா என்றால் என்ன என்று விசாரணையாளருக்குக் கால் மணி நேரம் பாடம் நடத்தினேன். நாலு பேரில் ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் முழு நிலத்தையும் விற்க முடியாது, யாரும் கையெழுத்துப் போடவும் மாட்டார்கள் என்றதும் அவர் சிரித்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது.

இன்னொன்று. விசாரணையாளர்கள் அக்கம்பக்கத்திலும் விசாரிப்பார்கள். எங்கள் தெருவில் நமக்கு வேண்டிய ஒரு குடும்பம், பத்து ஆண்டுப் பழக்கம். கதவைப் பாதி திறந்து "அவங்களை எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டது. மறுநாள் வழக்கம்போல எங்கள் வீட்டுக்குக் கறிவேப்பிலை கேட்டு வந்தார்கள். பயம் எனக்குப் புரிகிறது. கேஸ் ஏதோ என்று நினைத்திருப்பார்கள். யாராவது வந்தால் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள், அப்புறம் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், ஆளையே தெரியாது என்று சொல்லவேண்டாம்.

பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லவேண்டியதையும் யாரும் சொல்வதில்லை. அந்நிய நாட்டுப் படையில் இருப்பவருக்கும், அதிலிருந்து ஓய்வு பெற்றவருக்கும் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் இந்தியா போய்வர உதவும் அட்டை) கிடையாது என்பது இந்திய அரசின் விதி. தங்கைக்குக் கல்யாணம், தாத்தாவுக்கு முடியவில்லை என்றால் விசா வாங்கித்தான் போகவேண்டும். போகுமுன் மேலதிகாரிக்குத் தெரிவிக்கவும் வேண்டும். இதில் எனக்கு வருத்தம் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். கையெழுத்துப் போடும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசவேண்டியது இதைத்தான், துபாய்ச் சித்தப்பாவைப் பற்றி அல்ல.

சித்திரை விழாவுக்கு வருவேன். பிள்ளைக்கு உறவினர் பட்டியல் போடவேண்டும் என்றால் எல்லாருடைய பாஸ்போர்ட் நகலையும் கொண்டுவாருங்கள். காபி டிரம் பக்கத்தில் நிற்பேன். சத்தமாகவே கேட்கலாம்.

அன்புடன்,
உங்கள் சங்கத்து உறுப்பினன்