ஆண்டறிக்கை: வெட்டிய சரிவுக்கே திரும்பிப் போன ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

புல்வெளியில் பரவும் சீகை, பைன் ஆகிய அயல் மரங்களை அகற்றும் நம் சங்கம், இந்த ஆண்டு புதிதாக எந்த இடத்திலும் மரம் வெட்டவில்லை. "அப்புறம் என்னதான் செய்தீர்கள்?" என்று சிலர் நேரிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். முன்பு வெட்டிய புல்வெளிச் சரிவிலேயே மறுபடி முளைத்த அந்த மரங்களின் நாற்றுகளை ஆண்டு முழுவதும் பிடுங்கினோம்.

வாட்டில் எனும் சீகை மரத்தின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் சாகாமல் கிடக்கும். தாய் மரம் விழுந்து வெயில் தரையைத் தொட்டதும் மொத்தமாக முளைக்கும். தீ பட்டால் இன்னும் அதிகம். நாம் வெட்டிய இடம் மழைக்குப் பின் நாற்றங்கால் மாதிரிதான் இருந்தது. மண் ஈரமாக இருக்கும்போது, முழங்கால் உயரத்துக்குள் இருந்தால் கையாலேயே வேரோடு வந்துவிடும். விட்டுவிட்டால் மறுபடி ரம்பம்தான். தென்னாப்பிரிக்காவில் 1995-இல் தொடங்கிய 'வொர்க்கிங் ஃபார் வாட்டர்' என்ற, அயல் தாவரங்களை அகற்றும் அரசுத் திட்டத்திலும் வெட்டுவதோடு வேலை முடிவதில்லை. அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறார்கள்.

பைன் விஷயம் வேறு. பெரும்பாலான பைன் வகைகள் அடிக்கட்டையிலிருந்து துளிர்ப்பதில்லை. ஆனால் வெட்டுக்குக் கீழே ஒரே ஒரு பச்சைக் கிளை தப்பினாலும் போதும், அது நிமிர்ந்து புதுத் தண்டாகிவிடும். அதனால் அடியில் உள்ள புல்லை விலக்கி, கடைசிக் கிளைக்கும் கீழே ரம்பம் வைக்கச் சொல்கிறோம். குனியச் சோம்பல்பட்டு வெட்டிய கட்டைகள் சில இப்போது குட்டி மரங்களாக நிற்கின்றன. முகட்டில் தனியாக நிற்கும் பைன்களை முதலில் எடுக்க வேண்டும். சிறகுள்ள விதை காற்றில் அங்கிருந்துதான் வெகுதூரம் போகும்.

வெட்டும் நாளுக்குக் கூட்டம் சேர்கிறது, பிடுங்கும் நாளுக்குச் சேர்வதில்லை. மரம் சாய்வதைப் படம் எடுக்கலாம், நாற்றில் என்ன இருக்கிறது! ஆனாலும் புல் திரும்பி வந்திருப்பது பிடுங்கிய பகுதிகளில்தான். இனம் தெரியாத நாற்றைப் பிடுங்காமல் துணி கட்டி விட்டுவர வேண்டும் என்ற நம் விதி தொடர்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையுறையும் ரம்பத்துக்குச் சாணை பிடித்த கூலியும்தான் முக்கியச் செலவு.

அடுத்த ஆண்டும் இதே சரிவில் பணி தொடர வேண்டும், இங்கே நாற்று குறைந்த பிறகே புது இடம் என்ற தீர்மானத்தைச் செயற்குழு சார்பில் முன்வைக்கிறேன். சங்கத்தின் கைரம்பங்களை வீட்டில் வைத்திருப்பவர்கள் மழைக்கு முன் திருப்பித் தந்தால் நல்லது.

செயலாளர்