மேடைக்கு முன்னால் எட்டு மணித்தியாலம் வேண்டாம்

அன்பு மகனுக்கு,

சனிக்கிழமை காலிமுகத்திடலில் நடக்கிற இசை நாளுக்குக் கூட்டாளிமாரோடு வருகிறாய் என்றது சந்தோஷம். பகல் 2 மணி தொடங்கி இரவு 10 மணி மட்டும் மேடைக்கு முன்னாலேயே நிற்கப்போவதாக எழுதியிருந்தாய். அதை மட்டும் செய்யாதே, ராசா. ஏழெட்டு பேண்ட் வாசிக்கிற நாளில், தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்குத்தான் பாட்டு ஆகக் குறைவாய் விளங்கும்.

பெரிய ஸ்பீக்கர்கள் மேடையின் இரண்டு பக்கமும் உயரத்தில் தொங்கும். அவற்றின் முகம் பின்னுக்கு நிற்கிற சனத்தைப் பார்த்தபடி இருக்கும். மேடையின் அடியில், நடுவில் நின்றால் அந்தச் சத்தம் உன் தலைக்கு மேலால் போய்விடும். ட்ரம்ஸ் நேரே அறையும், கிட்டார் அம்ப் சத்தம் நேரே வரும், பாடகரின் குரல் மட்டும் அடியில் போய்விடும். குரல் ஸ்பீக்கர் வழியாய்த்தான் வரவேண்டும், நீயோ அந்த ஸ்பீக்கரின் பாதைக்கு வெளியே நிற்கிறாய். சில மேடைகளில் முன்வரிசைக்கென்று விளிம்பில் சின்னப் பெட்டிகள் வைப்பார்கள். அவற்றாலும் முழுதாய் ஈடுகட்ட முடியாது.

சனத்துக்கு நடுவே, மேடையிலிருந்து 20, 30 மீற்றர் தள்ளி ஒரு சின்னக் கூடாரம் இருக்கும். மிக்சர் மேசை அதற்குள்தான். சத்தம் பார்க்கிறவர் அந்த இடத்தில் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் குரலைக் கூட்டுவார், பேஸைக் குறைப்பார். ஆகவே மைதானத்தில் ஆகச் சரியாய்க் கேட்கிற இடம் அந்தக் கூடாரத்தின் அக்கம் பக்கம். அதற்கு முன்னால் நாலைந்து அடி விட்டு நில்லுங்கள். பின்னால் நின்றால் கூடாரமே மறைக்கும்.

அங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு. பேஸ் பெட்டிகள் இடமும் வலமுமாய் நிலத்தில் அடுக்கியிருக்கும். சரியாய் நடுக்கோட்டில் நின்றால் இரண்டு பக்கத்து அலையும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து நெஞ்சுக்குள் இடிக்கும். நாலைந்து மீற்றர் பக்கமாய் நகர்ந்தால், ஒரு பக்கத்து அலை கொஞ்சம் பிந்தி வந்து மற்றதை அழிக்கும். அப்போது பேஸ் கிட்டாரில் சில சுரங்கள் திடீரென்று காணாமல் போகும். வாசிக்கிறவரில் பிழை இல்லை. முதல் பாட்டு நடக்கும்போது மெதுவாய் இடமும் வலமும் நடந்து பார், பேஸும் குரலும் ஒன்றையொன்று விழுங்காத இடம் பிடிபடும். பிறகு அந்த இடத்தை விடாதே.

அதிகம் பின்னுக்கும் போகாதே. எங்கள் வெக்கையில் ஒலி விநாடிக்கு 350 மீற்றர் அளவில்தான் ஓடும். 100 மீற்றர் தள்ளி நின்றால், ட்ரம்ஸ்காரரின் தடி விழுவதைக் கண்ட பிறகு கால் விநாடிக்குச் சற்றுக் கூடுதலாய்க் கழித்துத்தான் சத்தம் வரும். இதற்காகப் பெரிய மைதானங்களில் நடுவிலும் ஸ்பீக்கர்க் கோபுரம் நட்டு, அதற்கான ஒலியைக் கணக்குப் பார்த்துத் தாமதப்படுத்துவார்கள். மேடையிலிருந்து 35 மீற்றர் என்றால் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. அந்தக் கணக்குப் பிழைத்தால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். அப்படிக் கேட்டால் உடனே முன்னுக்கு வாருங்கள். கடற்காற்று பலமாய் அடிக்கும்போது சிம்பல் என்கிற உலோகத் தட்டின் சத்தம் வருவதும் போவதுமாய் இருக்கும். பகலில் நிலம் கொதிப்பதால் ஒலி மேல்நோக்கி வளையும், பொழுது பட்டபின் அது தணியும். 3 மணிக்கு மங்கலாய்க் கேட்ட அதே இடத்தில் 8 மணிக்குத் தெளிவாய்க் கேட்பது அதனால்தான்.

ஒரு பேண்ட் இறங்கி அடுத்தது ஏறுகிற 20 நிமிஷத்தை இஸ்ஸோ (இறால்) வடைக் கியூவில் தொலைத்துவிடாதே. நல்லாய்ப் பார்க்க வேண்டியது அதுதான். ட்ரம்ஸ் செட் எல்லாருக்கும் பொதுவாய் ஒன்றே இருக்கும். வருகிறவர் தன் சினேர் என்கிற சின்ன ட்ரம், சிம்பல்கள், கால் பெடல் மட்டும் கொண்டுவருவார். சிம்பலை மாட்டுகிற கையைக் கவனி. முதலில் ஸ்டாண்டின் கம்பியில் ஒரு வட்டக் கம்பளித் துண்டு, அதன்மேல் சிம்பல், அதன்மேல் இன்னொரு துண்டு, கடைசியாய்த்தான் சிறகு நட்டு. அந்தத் துண்டு விழுந்துபோய் உலோகம் உலோகத்தோடு உரசினால் சிம்பலின் நடுத்துளை தேய்ந்து வெடிப்பு விடும். நட்டை இறுக்கிப் பூட்டினாலும் அப்படித்தான், சிம்பல் ஆட இடம் வேண்டும். செட்டுக்குக் கீழே கம்பளம் விரித்திருப்பதும் அழகுக்காக இல்லை. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் பெரிய ட்ரம் முன்னுக்கு நழுவும்.

பிறகு மேடையிலிருந்து மிக்சர் மேசைக்குப் போகிற ஒவ்வொரு கம்பியாய்ச் சோதிப்பார்கள். பெரும்பாலும் கிக் என்கிற அந்தப் பெரிய ட்ரம் முதலில், பிறகு சினேர், டொம், பேஸ், கிட்டார், கீபோர்ட், கடைசியில் குரல். கம்பியில் சத்தம் வருகிறதா என்று பார்க்க மட்டும்தான் நேரம் இருக்கும், முழுச் சோதனைக்கு இருக்காது. அதனால் முதல் பாட்டுத்தான் உண்மையான சோதனை. அதில் குரல் தாழ்ந்திருந்தால் பேண்டைக் குறை சொல்லாதே. இரண்டாம் பாட்டிலும் தாழ்ந்திருந்தால் அது மேசைக்காரரின் பொறுப்பு.

‘ம்ம்’ என்று ஒரே சுரத்தில் இரைச்சல் வந்தால் பெரும்பாலும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ், எர்த் இரண்டு வழியாய்ச் சுற்றுகிறது என்று அர்த்தம். கீபோர்டுக்கும் கம்பிக்கும் நடுவே இருக்கிற டிஐ பெட்டியில் ஒரு சின்ன ஸ்விட்ச்சைத் தட்டினால் அனேகமாய் நின்றுவிடும். கீச்சென்று விசில் கிளம்பினால் பாடகரின் கையைப் பார். மைக்கின் வலைத்தலையைப் பொத்திப் பிடித்திருப்பார், இல்லாவிட்டால் தன் குரல் தனக்குக் கேட்கவென்று கீழே இருக்கிற மொனிட்டர் ஸ்பீக்கரின் பக்கம் மைக்கைத் தாழ்த்தியிருப்பார். கம்பியில்லாத மைக் பாட்டின் நடுவில் செத்தால் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி.

பகல் 2 மணி பேண்டின் கிட்டார் சுருதி இறங்கிக் கேட்டால் அதற்கும் காரணம் வெயில்தான். கம்பி சூடேறினால் இளகும். நிழலில் சுருதி சேர்த்துவிட்டு வெயிலில் வந்து நின்றால் இரண்டாம் பாட்டிலேயே இறங்கிவிடும். தோல் வாத்தியங்களுக்கு எதிரி ஈரம். பொழுது பட்டுக் கடற்காற்று ஈரமாகும்போது பறையின் தோல் தளரும், சூடு காட்டித்தான் இறுக்க வேண்டும். மிருதங்கத்தின் வலந்தலையைக் கல்லாலும் கட்டையாலும் சுற்றிச் சுற்றித் தட்டிச் சுருதிக்குக் கொண்டுவருவார்கள். அதைக் கெதியாய்ச் செய்ய ஏலாது. அப்போது சனம் பொறுமையிழந்து விசில் அடிக்கும். நீங்கள் அடிக்காதீர்கள், அவருக்கு அந்த நேரம் அமைதிதான் வேண்டும்.

இனிக் காது. 85 டெசிபலில் 8 மணித்தியாலம் தாங்கும் என்பது கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 94 இல் ஒரு மணித்தியாலம், 100 இல் 15 நிமிஷம். பெரிய ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் 100 ஐத் தாண்டுவது சாதாரணம். உட்காதின் மயிர்க்கலங்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காது. பஞ்சு வைத்தால் காணும் என்று நினைக்காதே, அது பேருக்குத்தான். ஃபார்மசியில் நுரை அடைப்பான் வாங்கு. கை சுத்தமாய் இருக்க, விரல்களுக்கிடையில் உருட்டி ஒல்லியாக்கு. மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதுமடலை மேலே இழுத்து உள்ளே விடு. விரிந்து நிரம்பும் மட்டும், 20, 30 விநாடி, விரலால் பிடித்திரு. பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பிரயோசனம் இல்லை, எடுத்துத் திரும்ப உருட்டு. உன் குரல் உனக்கே தலைக்குள் கேட்டால் சரியாய் இருக்கிறது. மணிக்கு ஒருமுறை பத்து நிமிஷம் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். இரவு காது இரைந்தால் அடுத்த நாள் முழுக்க ஹெட்போன் வேண்டாம். இரண்டாம் நாளும் இரைந்தால் காது டொக்டரிடம் போகத்தான் வேண்டும்.

காலிமுகத்திடலில் நிழல் இல்லை என்றே வை. தொப்பி, தண்ணிப் போத்தல், ஒரு லீற்றருக்கு ஒரு ஜீவனி (தண்ணீரில் கரைக்கிற உப்புச் சர்க்கரைத் தூள்) பக்கெட் கொண்டுபோ. மேடை கடலுக்கு முதுகு காட்டி நின்றால் 4 மணியிலிருந்து சூரியன் உன் கண்ணுக்கு நேரே. இடி கேட்டால் வெளியை விட்டு நீங்கிக் கட்டடத்துக்குள் போங்கள், தென்னை மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிஷம் கழித்துத்தான் திரும்பி வரவேண்டும்.

கடைசி பேண்ட் எப்படியும் பைலாவில்தான் முடிக்கும். அந்தத் தாளம் தொடங்கினதும் பின்னால் இருக்கிற எல்லாரும் முன்னுக்கு வருவார்கள். ஆடு, ஆசை தீர ஆடு, ஆனால் ஓரத்தில் ஆடு. கைகளை நெஞ்சுக்கு உயர்த்த இடமில்லை என்றால் அதற்கு மேல் நிற்கக் கூடாது. நெஞ்சுக்கு முன்னால் இரண்டு கையையும் மடக்கி வைத்துக்கொண்டு, தள்ளல் அடங்குகிற இடைவெளியில் பக்கவாட்டாய், சாய்வாய் வெளியேறு. எதிர்த்துத் தள்ளாதே. போன் விழுந்தாலும் குனியாதே, போன் போனால் போகட்டும்.

முடிந்த கையோடு வாசலில் ஓட்டோவுக்கு நிற்க வேண்டாம், விலை ஏறியிருக்கும். கொள்ளுப்பிட்டிப் பக்கம் கொஞ்சத் தூரம் நடந்தால் சனம் குறையும், காலி வீதியில் 100, 101 பஸ் வந்தால் வெள்ளவத்தைக்கு ஏறுங்கள். கூட்டாளிமார் இரண்டு பேருக்கும் முன்னறையில் பாய் விரித்து வைக்கிறேன். அடைப்பான் மூன்று சோடி வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன், போகிறபோது எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா