காகிதமில்லாப் பில்லும் நம் தலையில் விழும் வேலைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கட்டணப் பில்களைக் காகிதத்திலிருந்து மின்னஞ்சலுக்கு மாற்றிக்கொள்வதன் நன்மைகளை விளக்கித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அதன் முடிவோடு எனக்குப் பெரிய பிணக்கு இல்லை. ஆனால் காகிதப் பில் இதுவரை நமக்காகச் செய்துவந்த சில வேலைகள், மாறிய பிறகு யார் தலையில் விழுகின்றன என்பதைக் கட்டுரை பேசாமல் விட்டுவிட்டது.

மின்-பில்லின் வசதிகள் உண்மையானவை. அச்சாகி, உறையிலிடப்பட்டு, தபாலில் வந்து சேர்வதற்குள் கெடுவில் பாதி கரைந்துவிடும் தொல்லை இதில் இல்லை. வெளியூரில் இருப்பவருக்கும் அது அன்றே கிடைக்கிறது. பெயரும் முகவரியும் வாடிக்கையாளர் எண்ணும் அச்சிட்ட தாள், பூட்டில்லாத தபால் பெட்டியில் கிடப்பதும் கிழிக்கப்படாமல் குப்பைக்குப் போவதும் நின்றுவிடுகின்றன. பார்வைக் குறைவு உள்ளவர்களுக்குக் கிடைக்கும் பயனைப் பலரும் சொல்வதில்லை: எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம், திரைவாசிப்பு மென்பொருளைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். பில் உண்மையான எழுத்துகளைக் கொண்ட கோப்பாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. தாளைப் படம் பிடித்து அனுப்பினால் பெரும்பாலான மென்பொருள்கள் திணறிப்போகும்.

சுற்றுச்சூழல் வாதத்தைச் சற்று நிதானமாகவே ஏற்க வேண்டும். காகித ஆலைகளுக்கு மரக்கூழோடு நிறைய நீரும் மின்சாரமும் தேவை என்பதும், மறுசுழற்சி செய்யச் செய்ய இழைகள் குட்டையாகிக் காகிதம் வலுவிழக்கிறது என்பதும் மெய்தான். ஆனாலும் மரத்தின் படம் போட்டு நம்மை மாறச் சொல்லும் நிறுவனத்துக்கு முதலில் மிச்சமாவது அச்சுச் செலவும் தபால் செலவும்தான். அதில் தவறில்லை; அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். வந்த பில்லை வீட்டில் நாமே அச்சிட்டுக்கொண்டால் மரத்துக்கும் லாபமில்லை, மைச் செலவும் நம்முடையது.

என் முதல் கவலை, பில்லைப் படித்துப் பார்க்கும் பழக்கம் பற்றியது. மின்சாரத்துக்கோ தண்ணீருக்கோ வரும் பில்லில் முந்தைய அளவு, தற்போதைய அளவு, இரண்டுக்குமான வித்தியாசம், கட்டண விகிதம், நிலையான கட்டணம், வரி, பழைய நிலுவை என ஒவ்வொன்றும் தனி வரியாக இருக்கும். மீட்டர் உண்மையிலேயே பார்க்கப்பட்டதா, உத்தேசமாகப் போடப்பட்டதா என்பதையும் அதில்தான் குறித்திருப்பார்கள். தாள் கையில் இருந்தால் கண் தானாக அவற்றின் மேல் ஓடும். குறுஞ்செய்தியில் வருவதோ பெரும்பாலும் தொகையும் கடைசித் தேதியும் மட்டுமே. முழுப் பில்லைப் பார்க்க வேண்டுமானால் இணையதளத்துக்குப் போய், கடவுச்சொல் கொடுத்து, கைபேசிக்கு வரும் ஓடிபியையும் இட்டு உள்ளே நுழைய வேண்டும். தொகை வழக்கம்போல் இருந்தால் யார் அவ்வளவு தூரம் போகிறார்கள்? வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் கழியும் ஏற்பாட்டையும் செய்துவிட்டால் தொகையைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. மண்ணுக்குள் புதைந்த குழாயில் மெல்லக் கசியும் நீர், பல முறை உத்தேசமாகவே போடப்பட்டுப் பின்னர் ஒரேயடியாக வந்து நிற்கும் நிலுவை, சலுகைக் காலம் முடிந்ததும் உயர்ந்துவிட்ட இணையக் கட்டணம் ஆகியவை இப்படித்தான் கண்ணில் படாமல் போகின்றன. சென்ற ஆண்டு இதே மாதம் எவ்வளவு செலவானது என்று ஒப்பிட்டுப் பார்க்க மின்-பில்லே எளிது என்பதையும் மறுக்க முடியாது. சில நிறுவனங்கள் வரைபடமாகவே காட்டுகின்றன. அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பவர்கள்தான் குறைவு.

அடுத்தது சேமிப்பு. பில் இருக்கும் பக்கத்துக்கான இணையச் சுட்டியை (லிங்க்) மட்டும் அனுப்பினால் பில் நம்மிடம் வருவதே இல்லை. அது நிறுவனத்திடம் இருக்கிறது, நாம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். குறிப்பிட்ட காலத்துக்கு முந்தைய பில்களைத் தளத்தில் காட்டாத நிறுவனங்கள் உண்டு. வேறு நிறுவனத்துக்கு மாறியதும் கணக்கு மூடப்பட்டு, பழையவற்றைப் பார்க்கும் வழி அடைபடுவதும் உண்டு. ஆகவே ஒவ்வொன்றையும் பதிவிறக்கி வைப்பது நம் பொறுப்பாகிறது. 1993-இல் அறிமுகமாகி, 2008-இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட பிடிஎஃப் வடிவம் இதற்குப் போதும். நெடுங்காலப் பாதுகாப்புக்கென்றே 2005-இல் வகுக்கப்பட்ட பிடிஎஃப்/ஏ என்ற வகையில் கடவுச்சொல் பூட்டுக்கு இடமே இல்லை. பிறந்த தேதியையோ கைபேசி எண்ணின் இலக்கங்களையோ கொண்டு பூட்டி அனுப்பப்பட்ட பில்லைப் பல ஆண்டுகள் கழித்துத் திறக்க முயல்பவருக்கு அதன் காரணம் விளங்கும். 2025-03 என்பதுபோல் ஆண்டை முன்னால் வைத்துக் கோப்புக்குப் பெயரிட்டால் கணினியே வரிசைப்படுத்திவிடும். இன்னொரு பிரதி வேறொரு கருவியில் இருப்பது நல்லது.

போலி மின்னஞ்சல்கள் பற்றிய தங்கள் கட்டுரையின் எச்சரிக்கை சரியே. இன்றிரவே மின்சாரம் துண்டிக்கப்படும் என்று மிரட்டும் செய்தியில் உள்ள சுட்டியையோ தொலைபேசி எண்ணையோ தொடாமல், நிறுவனத்தின் இணைய முகவரியை நாமே தட்டச்சு செய்து பார்ப்பதே பாதுகாப்பு. உண்மையான நிறுவனங்களும் ‘இங்கே சொடுக்குங்கள்’ என்றே பில் அனுப்பி, மோசடிக்காரர்களுக்குத் தோதான பழக்கத்தை மக்களிடம் வளர்ப்பதுதான் வேடிக்கை.

கட்டுரை தொடாத இன்னொன்று வீட்டாரைப் பற்றியது. மேசை மேல் கிடக்கும் தாளை வீட்டில் யாரும் எடுத்துப் பார்க்கலாம். மின்-பில்லோ ஒருவருடைய மின்னஞ்சலுக்கும் கைபேசிக்கும் மட்டுமே போகிறது. அவர் நோயில் படுத்தாலோ இறந்துவிட்டாலோ, எந்தெந்தக் கட்டணம் எந்தக் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது என்பதே மற்றவர்களுக்குத் தெரியாமல் போகும். அபராத அறிவிப்பும் துண்டிப்பு எச்சரிக்கையும் திறக்க முடியாத ஒரு கைபேசிக்குள் வந்து குவியும். ஓடிபியும் அதே கைபேசிக்கே வருவதால் கடவுச்சொல் தெரிந்தும் பயன் இராது. சேவைகளின் பெயர், வாடிக்கையாளர் எண், பணம் கட்டும் முறை ஆகியவற்றை ஒரு தாளில் (ஆம், காகிதத்தில்தான்) எழுதி வீட்டில் வைப்பதே இப்போதைக்கு நம் கையில் உள்ள வழி.

மாற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏறக்குறைய ஒரே தொகையாக வரும் பில்களை முதலில் மாற்றிவிட்டு, மீட்டர் பார்த்துப் போடும் பில்களை, அவற்றைப் பதிவிறக்கிப் படிக்கும் பழக்கம் வந்த பிறகு மாற்றலாம் என்பதே என் யோசனை. நிறுவனங்களிடமும் ஒழுங்குமுறை அமைப்புகளிடமும் நாம் கேட்க வேண்டியவை வேறு. வாடிக்கையாளரைக் கேட்காமல் மின்-பில்லுக்கு மாற்றக் கூடாது. இணைய வசதி இல்லாதவரிடம் காகிதப் பில்லுக்கெனத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. சுட்டிக்குப் பதிலாகப் பில்லையே மின்னஞ்சலில் இணைத்து அனுப்ப வேண்டும். மீட்டர் அளவு உத்தேசமாகப் போடப்பட்டிருந்தால் அதைக் குறுஞ்செய்தியிலேயே சொல்லிவிட வேண்டும். இவை எல்லாவற்றையும்விட அவசரமானது, ஒவ்வொரு கணக்கிலும் குடும்பத்தார் இன்னொருவரின் மின்னஞ்சல் முகவரியையும் சேர்க்க இடம் தருவது. படிவத்தில் ஒரு கட்டம் கூடுவதைத் தவிர நிறுவனங்களுக்கு இதனால் பெரிய செலவு எதுவும் ஆகிவிடாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்